ஆந்தை கக்கியதும் அக்கா பொரித்ததும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது எச்சம் இல்லை. நான் ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்காக உழைத்த காலம் முழுவதும், திருநெல்வேலியில் என் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் என்னை “ஆந்தை எச்சம் பொறுக்குகிற பிள்ளை” என்றுதான் கல்யாண வீடுகளில் அறிமுகப்படுத்தினார்கள். எச்சம் பின்னால் வருவது. இது முன்னால் வருவது. ஆந்தை எலியை மென்று தின்பதில்லை, அப்படியே விழுங்குகிறது. சதை செரித்துவிடும், ரோமமும் எலும்பும் செரிக்காது. அவற்றை வயிறு ஓர் உருண்டையாகத் திரட்டி வைக்கும். சில மணி நேரம் கழித்து ஆந்தை கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வேண்டாத விருந்துக்கு வந்தவர் போன்ற முகத்தோடு அதை வாய் வழியாகக் கக்கும். அந்த உருண்டைகளைத்தான் நான் பிரித்துப் பார்த்தேன். எச்சத்தைப் பிரிப்பதைவிடக் கக்கியதைப் பிரிப்பது எந்த வகையில் உயர்த்தி என்று அப்பா ஒருமுறை தொலைபேசியில் கேட்டார். கோபத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் நடுப்பகுதி அது. நான் இருந்தது ஜெர்மனியின் கொலோன் நகரத்தில். ஆந்தைகள் இருந்தது சைபீரியாவின் வடகோடியில், மரமே இல்லாத ஆர்க்டிக் சமவெளியில். அவை வெண்ணிறப் பெரிய ஆந்தைகள். என் பேராசிரியர் ஒவ்வொரு கோடையிலும் அங்கே போவார். ஓய்வு வயதை நெருங்கிய ஜெர்மானியப் பெண்மணி. ஒல்லி, குட்டை முடி, நனையாத காலணி, வீண் பேச்சு கிடையாது. ஆந்தைகள் உட்காரும் மேடுகளைச் சுற்றிக் குனிந்து குனிந்து உருண்டைகளைச் சேகரித்துப் பைகளில் போட்டுக்கொண்டு வருவார். நான் ஆர்க்டிக்கைப் பார்த்ததே இல்லை. வெள்ளை ஆந்தையைக்கூட மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்தேன். அது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆந்தை கக்கியதை வைத்து அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் எந்தச் சிறு பிராணி எவ்வளவு வாழ்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பொறி வைத்துப் பிடிக்க நாம் எத்தனை பேர் போக முடியும்? ஆந்தை தினமும் வேட்டைக்குப் போகிறது, சம்பளமும் கேட்பதில்லை. அங்கே முக்கியமான பிராணி லெம்மிங். எலியின் வாலை வெட்டி, காதைச் சுருக்கி, நன்றாக ஊட்டி வளர்த்தால் எப்படியிருக்குமோ அப்படி. எங்கள் ஆய்விடத்தில் இரண்டு வகை: பழுப்பு லெம்மிங், கழுத்துப்பட்டை லெம்மிங். உருண்டையைப் பிரித்துத் தாடை எலும்பை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், கடைவாய்ப் பல்லின் மேல் பரப்பில் வளைந்து வளைந்து ஒரு கோடு ஓடும். இந்த வகைக்கு ஒரு கோலம், அந்த வகைக்கு ஒரு கோலம். மார்கழியில் அம்மாவிடம் கோலப்புள்ளிக்குத் திட்டு வாங்கியே வளர்ந்த எனக்கு இந்த வேலை கைவந்துவிட்டது. இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் மகிழவில்லை.

என் ஆய்வு மூன்று கோடைகளைப் பற்றியது. முதல் கோடையில் கழுத்துப்பட்டை லெம்மிங் ஏராளம். மூன்றாவது கோடையிலும் கொஞ்சம் உண்டு. நடுவில் வந்த இரண்டாவது கோடையில், அதாவது நாங்கள் சொல்லும் நடுக்கோடையில், என்ன ஆனது என்பதுதான் கேள்வி. அந்த வருடம் ஆந்தைகள் அதிகம் தங்கவில்லை. பேராசிரியருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பை, அதிலும் பெரும்பாலும் மழையில் ஊறி உடைந்த துண்டுகள். அந்தப் பை இல்லாவிட்டால் என் ஆய்வின் நடு அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தை நீட்டிக்காது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசா இல்லை, நான் ஆந்தை எச்சம் பொறுக்கக்கூட லாயக்கில்லாத பிள்ளையாக ஊர் திரும்ப வேண்டும். பேராசிரியர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: “இந்தப் பைக்கு மாற்று கிடையாது.”

இனி அக்காவைப் பற்றி. நான் வாடகைக்கு இருந்தது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மாடியறையில். எண்பதுகளில் அகதிகளாக வந்தவர்கள். நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த வீட்டுக்காரப் பெண்மணி ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தார். நூறு நோயாளிக்கு உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வீட்டுக்கு வந்து மனிதர் சாப்பாடு சமைப்பார். அவர் கணவரை யாழ்ப்பாண வழக்கப்படி அண்ணை என்று கூப்பிட்டேன். அண்ணை எது கேட்டாலும் “ஓம் ஓம்” என்று ஆமாம் போடுவார். பிள்ளைகள் வேறு ஊர்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னை ஒரு வேலையும் செய்ய விடமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் அடம்பிடித்து சாம்பார் வைத்துக் கொடுப்பேன். வெல்லம் ஒரு துண்டு போட்ட எங்கள் வீட்டுச் சாம்பார். அக்கா மூடியைத் திறந்து மணம் பிடித்து, “நல்ல வாசம், பிள்ளை” என்பார். நான் பூரித்துப்போவேன்.

அந்த வீட்டின் நிலவறையில் ஓர் உறைபெட்டி இருந்தது, பெரிய ஃப்ரீசர். ஆளைக் கிடத்தலாம், அவ்வளவு நீளம். அது முழுக்க ஐஸ்கிரீம் டப்பாக்கள். நான் குடிவந்த புதிதில் ஆசையாக ஒரு வெனிலா டப்பாவைத் திறந்தேன். உள்ளே முரல் மீன். ஸ்ட்ராபெரி டப்பாவில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. சாக்லேட் என்று எழுதியிருந்ததில் துருவிய தேங்காய், பிஸ்தாவில் கறிவேப்பிலை, மார்ஜரின் டப்பாவில் போன வருடத்து அவித்த நெல்லிக்காய். ஐஸ்கிரீம் மட்டும் எந்த டப்பாவிலும் இல்லை. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை நம்புகிறவர் அந்த வீட்டில் பட்டினிதான் கிடக்க வேண்டும். அக்கா எழுத்தைப் பார்க்கவே மாட்டார். திறப்பார், பார்ப்பார், தெரிந்துகொள்வார். கொலோனில் நான் போன எல்லாத் தமிழ் வீட்டிலும் இதே முறைதான்.

அந்த டிசம்பரில் எங்கள் துறையின் உறைபெட்டி கிறிஸ்துமஸுக்கு முன் உயிரை விட்டது. அதைப் பழுது பார்ப்பவர் விடுமுறைக்குப் போய்விட்டார். ஜெர்மனியில் விடுமுறைக்குப் போனவரை எமன்கூடத் தொந்தரவு செய்யமாட்டான். ஆந்தை உருண்டைகளைப் பிரிக்கும் வரை உறைநிலையிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்துப்பூச்சி ரோமத்தைத் தின்று எல்லாவற்றையும் தூளாக்கிவிடும். வெளியே வைக்கலாமென்றால் கொலோன் குளிர்காலம் பனிக்காலமே அல்ல, ஓயாத தூறல். அவரவர் மாதிரிகளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் பேராசிரியர். நடுக்கோடைப் பை என் பொறுப்பானது.

நான் முறைப்படிதான் செய்தேன். அண்ணையிடம் அனுமதி கேட்டேன். “ஓம் ஓம், வையுங்கோ” என்றார், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். உருண்டைகளை உடையாமல் வைக்க ஒரு காலி டப்பா எடுத்தேன். அதன்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் “ஆந்தை உருண்டைகள், ஆய்வுப் பொருள், திறக்க வேண்டாம்” என்று எழுதினேன். எங்கள் ஆய்வகத்தில் அந்த ஒட்டுத்தாள் ஒரு பூட்டுக்குச் சமம். அது வெனிலா டப்பா.

இதே சமயத்தில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. என் அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் வாரம் தவறாமல் தொலைபேசியில் பேசுவார்கள். வேப்பம்பூ வடகம் தின்று எத்தனை காலம் என்று அக்கா ஒருமுறை ஏக்கத்தோடு சொல்ல, அதற்கென்ன, யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஜனவரித் தொடக்கத்தில் ஊரிலிருந்து ஒருவர் வரவும் செய்தார். அம்மா வடகத்தை மறந்துவிட்டு முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். முறுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா அதை வாங்கிக்கொண்டு, வடகத்தைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை என்று பேசாமல் இருந்துவிட்டார். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஜெர்மனியில் தைப்பொங்கல் அடுத்து வரும் சனிக்கிழமைதான் பிறக்கும். சூரிய பகவானும் வேலை நாளில் விடுப்பு எடுக்க முடியாது. அக்கா என் பேராசிரியரையும் சாப்பிட அழைக்கச் சொன்னார். ஒரு தமிழ் வீட்டுக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு டிராம் நிறுத்தத்துக்குப் போய் அழைத்துவந்தேன். கையில் டியூலிப் பூக்கள், காலில் ஆர்க்டிக் காலணி. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது ஒரு நாற்றம். சலூனில் தீப்பிடித்தால் அப்படித்தான் நாறும். வீட்டின் எல்லா ஜன்னல்களும் திறந்துகிடந்தன. அண்ணை மேல்துண்டைச் சுழற்றிப் புகையை வெளியே விரட்டிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் அக்கா, கூறைச்சேலையில், கையில் அகப்பையோடு நின்றார். பேராசிரியரைப் பார்த்து ஜெர்மனில் அழகாக வரவேற்றார். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும். உம்மட அம்மா நல்ல மனுசி. ஆனா வடகம் போடேக்க தலைமயிரை முடிஞ்சு கட்டிப்போட்டுப் போடவேணும். இவ்வளவு மயிர் எப்பிடி வந்தது?”

எந்த வடகம் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பின் மேல் எண்ணெய்ச் சட்டி. பக்கத்தில் ஒரு தட்டில், காகிதத்தின் மேல், கருகிச் சுருண்ட ஓர் உருண்டை. மேசையில் வெனிலா டப்பா, என் ஒட்டுத்தாளோடு, காலியாக.

அக்கா தொடர்ந்தார். நான்தான் கொடுக்க மறந்து உறைபெட்டியில் வைத்துவிட்டேன் என்று நினைத்தாராம். எடுத்துப் பார்த்தால் சரியான ஈரம். அதனால் இரண்டு நாள் முன்னறையில் ஹீற்றரின் மேல் தாம்பாளத்தில் பரப்பிக் காயவைத்தாராம். கொஞ்சம் பெரிசுதான், ஆனால் இந்தியாக்காரர் எதையும் பெரிசாகத்தானே செய்வார்கள். இன்று விருந்தாளிக்கென்று எண்ணெயில் ஒன்றைப் போட்டதும் வீடு நாறிவிட்டது. “உம்மட அம்மாட்டை நான் ஒண்டும் சொல்லமாட்டன். நல்ல ருசி எண்டுதான் சொல்லுவன்” என்று முடித்தார்.

நான் இரண்டு நெருப்புக்கு நடுவில் நின்றேன். வாயைத் திறக்காவிட்டால், தலைவிரிகோலமாக வடகம் போடுகிறவள் என்ற பெயர் என் அம்மாவுக்கு ஆயுசுக்கும் நிற்கும். வாயைத் திறந்தால், பொங்கலும் அதுவுமாக அக்காவின் எண்ணெய்ச் சட்டிக்குள் ஆந்தை வாயில் வந்தது விழுந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா வென்றாள்.

“அக்கா, அது வடகம் இல்ல. எங்கம்மா எதுவும் அனுப்பல. அது என்னோட ரிசர்ச் சாம்பிள். ஆந்தை கக்கினது.”

அக்கா சட்டியைப் பார்த்தார். அகப்பையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் மாடியறை, என் சாமான்கள், தெருவோரம் நிற்கும் என் பெட்டி எல்லாம் எனக்குத் தெரிந்தன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அது அறைக்காக இல்லை. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

“பயோத் தொட்டிக்குள்ள கொட்டிப்போட்டன்” என்றார் அக்கா. “பிறகு என்ன, மயிர் வடகத்தை வச்சுக் கும்பிடுறதோ?”

அங்கே வீட்டுக் குப்பையைத் தரம் பிரித்துத்தான் போட வேண்டும். மக்கும் குப்பைக்குப் பழுப்புத் தொட்டி, மக்காததற்குக் கறுப்பு, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள். இந்தத் தொட்டிகள் நின்றது பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான முற்றத்தில். நான் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் டியூலிப் பூக்களை அண்ணையின் கையில் கொடுத்தார். கைக்குட்டையை எடுத்து, தட்டிலிருந்த கருகிய உருண்டையை அதில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு முற்றத்துக்கு எந்த வழி என்று கேட்டார்.

தூறிக்கொண்டிருந்தது. பழுப்புத் தொட்டியைச் சாய்த்து, அண்ணை கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்பில் மேலிருந்து அடுக்கடுக்காக எடுத்துப் பரப்பினோம். நான் பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தினேன். பேராசிரியர் முழந்தாளிட்டார், அவருக்கு இது பழகிய வேலை, இடம்தான் புதிது. ஆனால் தமிழ் வீட்டுக் குப்பையில் ஆந்தை உருண்டை தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேங்காய். அக்கா பொங்கலுக்காக உரித்துத் தள்ளிய தும்புகள் தேயிலைச் சாயத்தில் ஊறி, உருண்டு திரண்டு, ஒவ்வொன்றும் அசல் ஆர்க்டிக் ஆந்தை கக்கியது போலவே கிடந்தன. எது ரோமம் எது தும்பு என்று முகர்ந்து பார்த்துப் பிரித்தோம்.

பக்கத்து வீட்டுக் கிழவர் ஜன்னலைத் திறந்தார். தயிர் டப்பாவின் மூடி தவறான தொட்டியில் விழுந்தால்கூட வீடேறி வந்து கண்டிக்கிற மனிதர். எங்கள் மேல் அவருக்கு ஏற்கெனவே தீராத சந்தேகம். இப்போது பட்டுச்சேலையில் ஒருத்தியும் வெள்ளைக்கார மூதாட்டி ஒருவருமாக, தூறலில், குப்பையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் முகம் கனிந்தது. நாங்கள் திருந்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். தலையசைத்து மரியாதை செய்துவிட்டு ஜன்னலை மூடினார்.

மேலடுக்கில் இருந்த உருண்டைகள் ஏறக்குறைய எல்லாம் கிடைத்துவிட்டன. இருந்தும் பேராசிரியர் விடவில்லை. அடி வரை போனால்தான் முறையான தேடல் என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது அப்போதுதான். அவர் எதையோ இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இது எந்தப் பிராணியின் எலும்பு?” என்று கேட்டார்.

அது முருங்கைக்காய். தமிழ்க் கடையில் யானை விலைக்கு வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பாரில் போட்ட முருங்கைக்காய். யாரும் கடித்த தடம் இல்லை. வெட்டியது வெட்டியபடி, முழுசாக, பருப்புக் கவசத்தோடு இருந்தது. அதைச் சுற்றி என் சாம்பார் மொத்தமும் கிடந்தது. அதற்குக் கீழே தேயிலை அடுக்கு ஒன்று. அதற்கும் கீழே, வெள்ளைப் பூசணித் துண்டுகள். அதற்கு முந்தின ஞாயிறு பூசணிக்காய்ச் சாம்பார். எலும்பை வைத்து எந்த ஆந்தை எதைத் தின்றது என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். ஒரு வீட்டில் எதை யார் தின்னவில்லை என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா பின்வாசலில் நின்றிருந்தார், கையில் எங்களுக்காகச் சுடுதண்ணீர் வாளி. தேள் கொட்டின திருடன் போல வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“சாம்பாருக்குள்ள இனிப்புப் போட்டா எங்களுக்கு ஏலாது, பிள்ளை” என்றார். “சொன்னா உமக்கு மனம் நோகும் எண்டு விட்டனான்.”

வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் அவரது சட்டியில் ஆந்தை உருண்டை. என் சாம்பார் அவரது குப்பையில். யார் யாரைக் கேட்பது? அக்கா கிட்டே வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்களோடு குந்திவிட்டார். “எனக்கு விளங்கேல்ல” என்றார், ஒரு தும்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே. “இது இல்லாட்டி உம்மை அனுப்பிப்போடுவினமோ?”

“ஆமாக்கா. விசா போயிரும்.”

அதன் பிறகு அக்கா பேராசிரியரைவிட வேகமாகத் தேடினார். விசா என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் விளக்கம் தேவைப்படாது.

கைகளை மஞ்சளும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். எண்ணெய்ச் சட்டி மட்டும் அன்றே கறுப்புத் தொட்டிக்குப் போனது. அதை யாரும் தடுக்கவில்லை. பொங்கல் வேறு பானையில் தப்பித்திருந்தது. பேராசிரியர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆந்தை வீட்டுக்குள் வருவது ஆகாதே என்று அக்கா தன் கவலையை அவரிடமே ஜெர்மனில் சொன்னார். இவை வெள்ளை ஆந்தைகள், ஆணானது வேட்டையாடிக் கொண்டுவந்து பெண்ணுக்கும் குஞ்சுகளுக்கும் கொடுக்கும் என்று பேராசிரியர் விளக்கினார். அக்கா அண்ணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியானால் பரவாயில்லை என்று விலக்கு அளித்தார்.

ஆய்வகத்தில் எல்லாவற்றையும் கழுவி, காயவைத்துப் பிரித்தேன். மாதிரி ஒன்று முழுக்க முழுக்கத் தேங்காய்த் தும்பு என்று உருப்பெருக்கியின் கீழ் தெரிந்தது. அதை விலக்கினேன். மற்றதெல்லாம் பழுப்பு லெம்மிங், பழுப்பு லெம்மிங், சில பறவை எலும்புகள், மறுபடி பழுப்பு லெம்மிங். கழுத்துப்பட்டை லெம்மிங் ஒன்றுகூட இல்லை. அந்தக் கோடையில் அந்த இடத்திலிருந்தே அது போய்விட்டது என்று எழுத வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பேராசிரியர் தன் கைக்குட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சூட்டுக்கு உட்பட்டதும் மாதிரிதான் என்றார். ரோமம் பொசுங்கியிருந்ததால் பிரிப்பது சுலபமாக இருந்தது. உள்ளே ஒரு தாடை, பதமாக வறுபட்ட கடலை நிறத்தில். பல்லின் கோலத்தைப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி பார்த்தேன். எழுந்து நின்று பேராசிரியரைக் கூப்பிட்டேன். கழுத்துப்பட்டை லெம்மிங். அந்தக் கோடைக்கு அதுதான் ஒரே சாட்சி. அக்காவின் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்த சாட்சி. ஒப்பந்தம் நீண்டது, விசாவும் நீண்டது.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஒரு ஜூன் மாதம் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அக்கா அதே கூறைச்சேலையில் முதல் வரிசையில் உட்கார்ந்தார், பக்கத்தில் அண்ணை. வேறு நகரத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் கெடுபிடிக்காரர் என்று பேர் எடுத்தவர். என் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார். நடுக்கோடையின் ஒரே கழுத்துப்பட்டை லெம்மிங் “சூட்டுக்கு உட்பட்ட” மாதிரியில் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்த முறையில்? இது தெரியாமல் இந்தச் சான்றை நான் எப்படி ஏற்பது என்றார்.

பேராசிரியர் பக்கம் திரும்பினேன், அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கூர்ந்து கவனித்தார். என் நடு அத்தியாயம் சரிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் முதல் வரிசையில் சேலை சரசரத்தது. அக்கா எழுந்து நின்றார். நல்ல தெளிவான ஜெர்மனில், மருத்துவமனைச் சமையலறையில் பேசுகிற குரலில் சொன்னார்:

“சூரியகாந்தி எண்ணெயில். கடுகு வெடிக்கிற சூடு. போட்டேன், புகைந்தது, உடனே எடுத்துவிட்டேன். செய்தது நான். வேறு எதுவும் அந்தச் சட்டியில் இல்லை.”

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அக்காவைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலை வணங்கி, ஆய்வக உதவியாளர் நேரில் வந்து விளக்கமளிப்பது இந்தக் காலத்தில் அபூர்வம் என்றார். அக்கா உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது. அந்த மண்டபத்தில் என் கண் கலங்கியது பட்டத்துக்காக இல்லை.

அன்று மாலை அக்கா வீட்டு முற்றத்தில் விருந்து. என் நாள் என்பதால் நானே சாம்பார் வைத்தேன், முருங்கைக்காயும் போட்டு. வெல்லம் அரைத் துண்டாகக் குறைத்தேன். அக்கா எல்லார் முன்னிலையிலும் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். “இப்பதான் கைப்பக்குவம் வந்திருக்கு, பிள்ளை” என்றார். விருந்தாளிகள் போன பிறகு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் வெளியே போய்ப் பழுப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான். ஆனால் ஆய்வாளருக்குச் சான்றுதான் பெரிது. உள்ளே தேங்காய்த் தும்பு, தேயிலை, வாழைப்பழத் தோல். சாம்பார் ஒரு சொட்டு இல்லை. நெஞ்சு நிறைந்துபோய் அங்கேயே நின்றேன்.

பக்கத்து வீட்டுக் கிழவர் வேலியோரம் வந்தார். பொங்கல் நாளிலிருந்து எங்கள் மேல் அவருக்குத் தனி மதிப்பு. மிகுந்த தயக்கத்தோடு ஆரம்பித்தார். உங்கள் வீட்டார் இப்படிச் செய்யமாட்டார்கள் என்று தெரியும், ஆனால் இன்று யாரோ கறுப்புத் தொட்டியில் சமைத்த உணவைக் கொட்டியிருக்கிறார்கள், அதில் நீளநீளமாகப் பச்சைக் குச்சிகள்கூடக் கிடக்கின்றன, விருந்தாளிகள் யாராவது தெரியாமல் செய்திருக்கலாம் என்றார்.

விசாரிக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அக்கா எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்.